மிச்சமா? முதற்பங்கா?

“காலம் சரியில்லை, அடுத்த ஆண்டு பார்ப்போம்!”

இப்படிச் சொல்லி அனுப்புகிறார், ஆலை முதலாளி. கேட்டுக்கொண்டு திரும்புகிறார், பள்ளிச் செயலாளர். கையிலே நன்கொடைப் புத்தகம். நெஞ்சிலே, ஒழுகும் கூரை, மூன்று மாதமாகச் சம்பளம் காணாத ஆசிரியை, கிழிந்த பையோடு வந்து அமரும் குழந்தைகள்.

முதலாளி கொடியவரல்லர். சென்ற ஆண்டு கேட்டபோது முகம் சுளிக்காமல் தந்தவர். இந்த ஆண்டு அவர் கிடங்கிலே சரக்கு தேங்கிக் கிடக்கிறது. வங்கியின் வட்டி வளர்ந்துகொண்டிருக்கிறது. செயலாளரும் சோம்பேறியல்லர், வெயிலிலே அலைந்து, வாசல் வாசலாக ஏறி இறங்குபவர். இருவரும் நல்லவர், எனினும், இரு நல்லவருக்கு நடுவிலே நசுங்குவது ஒரு குழந்தையின் எதிர்காலம். நல்லவர்கள் இருந்தும் நன்மை நடக்கவில்லை என்றால், குற்றம் ஆளிடம் இல்லை, அமைப்பிலே இருக்கிறது என்பதுதானே பொருள்? அந்த அமைப்பைத்தான் இன்று நாம் ஆராயவேண்டும்.

முதலிலே, அந்த “காலம் சரியில்லை” என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். எவ்வளவு எளிதாக வருகிறது அந்தச் சொல்! எங்கோ வானத்திலே ஒரு கோள் இடம் மாறிவிட்டது, அதனால் இங்கே கடை படுத்துவிட்டது என்பதுபோல! பெயர்ச்சிப் பலன் படித்துப் பழகிய நாட்டிலே, பொருளாதாரத்துக்கும் கிரகத்தின்மீது பழி போடுவது வியப்பல்ல. ஆனால், நடந்தது என்ன? 2016ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்தது சனியல்ல, ஒன்றிய அரசு. 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி வந்து சிறுதொழிலாளரின் கணக்குப் புத்தகத்தைக் கலக்கியதும் மனிதர் இயற்றிய சட்டத்தால்தான். 2025 ஆகஸ்டு 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு 50 விழுக்காடு வரி என்று அமெரிக்கா விதித்தபோது, திருப்பூரின் பின்னலாடைத் தொழில் நடுங்கியது; அதுவும் வாஷிங்டனில் இட்ட கையெழுத்தின் விளைவு. 2020இன் நோய்த்தொற்று இயற்கை தந்தது எனினும், ஊரடங்கில் யார் பட்டினி கிடந்தார்கள் என்பதை முடிவு செய்தது இயற்கையல்ல.

காலம் தானாகக் கெடுவதில்லை, முடிவுகள் கெடுக்கின்றன. மனிதர் எடுக்கும் முடிவால் வந்த இடருக்கு, மனிதர் எடுக்கும் முடிவால்தான் மாற்றும் காணவேண்டும். இதை ஒப்புக்கொண்டால்தான் அடுத்த கேள்வியைக் கேட்க முடியும்.

அடுத்த கேள்வி இது: இடர் வந்தபோது எதை முதலில் வெட்டுவது?

மின்கட்டணத்தை வெட்ட முடியாது, விளக்கு அணைந்துவிடும். வட்டியை வெட்ட முடியாது. வங்கி வாசலுக்கு வந்துவிடும். வாடகையை, வரியை வெட்ட முடியாது. எனவே, முதலாளி முதலில் வெட்டுவது நன்கொடை. நன்கொடை நின்றவுடன் அறக்கட்டளை வெட்டுவது, தன்னிடம் வேலை செய்பவரின் சம்பளம். “சேவைதானே அம்மா, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று ஆசிரியையிடம் சொல்லுகிறார்கள். சேவை! எவ்வளவு புனிதமான சொல், எத்தனை பேர் கூலியை விழுங்கியிருக்கிறது! சம்பளம் நின்றவுடன் ஆசிரியை வேறு இடம் தேடுகிறார். அவர் போனவுடன் மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே அறையில் அடைபடுகின்றன. சங்கிலியின் கடைசிக் கண்ணியிலே நிற்பது, எட்டு வயதுக் குழந்தை. தாள் செல்லாது என்று சொன்னது அக் குழந்தையல்ல. வரி விதித்ததும் அதுவல்ல. வெட்டு மட்டும் அதன்மீது வந்து விழுகிறது.

நூல் விலை ஏறினால் நூலறிவு இறங்கவேண்டுமா? இதுதான் நம் முன் நிற்கும் அறக் கேள்வி. இதைக் கணக்குப் பிள்ளையின் கேள்வி என்று எண்ணி ஒதுக்குபவர், கணக்கையும் அறியாதவர், அறத்தையும் அறியாதவர்.

ஈகை உயர்ந்தது என்று நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். மறுக்கவில்லை. ஆனால், ஈகையின் இலக்கணம் என்ன? கொடுப்பவர் மனம் வைத்தால் கிடைக்கும். மனம் மாறினால் நிற்கும். மனம் இருந்தும் மடி வற்றினால் மறையும். பெறுபவருக்குக் கேட்கும் உரிமை கிடையாது. நன்றி கூறும் கடமை மட்டும் உண்டு. பசித்தவனுக்கு ஒரு வேளைச் சோறு போட இந்த முறை போதும். ஒரு தலைமுறைக்குக் கல்வி கொடுக்க இது போதுமா? முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். பன்னிரண்டு ஆண்டும் ஒரே சீராக மனமும் மடியும் நிறைந்திருக்கும் கொடைவள்ளல் எந்த ஊரில் இருக்கிறார்?

வள்ளுவர் இதை அறிந்திருந்தார் போலும். குறளிலே ஈகை என்று ஓர் அதிகாரம் உண்டு. அதற்கு முன்னாலேயே ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரம் வைத்தார். இரண்டும் ஒன்றேயாயின் இரண்டு அதிகாரம் எதற்கு? இல்லாதவன் வந்து கேட்டபின் இரங்கிக் கொடுப்பது ஈகை. ஊரோடு ஒன்றி வாழ்பவன், கேளாமலே, தன் பங்கு இது என்று உணர்ந்து செய்வது ஒப்புரவு. ஈகையிலே மேல் கை ஒன்று, கீழ்க் கை ஒன்று. ஒப்புரவிலே எல்லாக் கையும் ஒரே மட்டத்தில். நாம் ஈகையைப் பாடிப் பாடி, ஒப்புரவை மறந்துவிட்டோம்.

ஆனால், நம் நாட்டு வணிகர் எல்லோருமே மறந்துவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். விருதுநகரைப் பாருங்கள். சிற்றூராக இருந்து சந்தையாக வளர்ந்த அந்த ஊரிலே, நாடார் வணிகர்கள் உறவின்முறை அமைத்து, மகமை என்று ஒன்றை வசூலித்தார்கள். வணிகம் நடக்கும்போதே, இத்தனைக்கு இத்தனை என்று ஒரு சிறு பங்கு பொது நிதிக்குப் போய்விடும். ஆண்டு முடிவிலே இலாபம் பார்த்து, மனம் இருந்தால் கொடுப்பதல்ல. இலாபமோ நட்டமோ, சரக்கு கைமாறும்போதே எடுத்து வைப்பது. அதோடு, பிடி அரிசி. வீட்டிலே உலை வைக்கும்போது, ஒரு பிடி அரிசியை வேறு கலத்தில் போட்டு வைப்பார்கள். அதைத் திரட்டி விற்றுப் பள்ளிக்குச் செலவிடுவார்கள். அப்படி வளர்ந்த சத்திரிய வித்தியாசாலைப் பள்ளியிலேதான் சிறுவர் காமராசர் படித்தார். தந்தையை இழந்து, படிப்பை நிறுத்திக் கடைக்குப் போக நேர்ந்தது அவருக்கு. பிடி அரிசியின் அருமையையும், படிப்பு பாதியில் நிற்பதன் கொடுமையையும் ஒரே வாழ்வில் அறிந்தவர், பின்னாளில் முதலமைச்சரானார்.

அந்தப் பிடி அரிசியை உற்றுப் பாருங்கள். உண்டு முடித்தபின் பானையில் ஒட்டியிருப்பது மிச்சம். உலையில் இடுவதற்கு முன்பே எடுத்து வைப்பது முதற்பங்கு. மிச்சம், பஞ்ச காலத்தில் இராது. முதற்பங்கு, பஞ்ச காலத்திலும் இருக்கும். பிடி சிறுத்திருக்கும், அவ்வளவுதான். பள்ளி எதில் வாழவேண்டும், மிச்சத்திலா, முதற்பங்கிலா? இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒரே கேள்விதான்.

பகுத்தறிவாளர் ஓர் ஐயம் எழுப்புவார்; எழுப்பவேண்டும். “அந்த மகமை ஒரு சாதியின் நிதியல்லவா? சாதிக்குள் ஒப்புரவு, சாதிக்கு வெளியே சுவர் என்றால், அது சமத்துவமாகுமா?” ஆகாது. கோயிலுக்குள் நுழையக் கூடாது என்று தடுக்கப்பட்ட மக்கள், தம் காலில் நிற்கத் தாமே கண்ட வழி அது என்பதை மறக்கக் கூடாது. அந்த வழி சாதியின் எல்லையில் நின்றது என்பதையும் மறைக்கக் கூடாது. வணிகமும் நிலமும் இல்லாத சாதிக்கு மகமை எங்கிருந்து வரும்? சேரியிலே பிடி அரிசி எடுக்க, முதலில் உலையில் போட அரிசி வேண்டாமா? எனவே, முறையை எடுத்துக்கொள்வோம், எல்லையை உடைப்போம். ஒரு சாதியின் முதற்பங்கு, ஊரின் முதற்பங்காக, நாட்டின் முதற்பங்காக விரியவேண்டும். நாட்டின் முதற்பங்குக்கு வரி என்று பெயர்.

இதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் வெள்ளுடை வேந்தர் தியாகராயர். அவரும் தொழில் நடத்தியவர். தம் பணத்தைக் கல்விக்கு ஈந்தவர். எனினும், சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, 1920இல் ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியிலே மதிய உணவு தொடங்க, தம் பெயரில் அன்னதானம் அறிவிக்கவில்லை. மாநகராட்சியின் கணக்கிலே அதை எழுதினார். அதுதான் அந்தச் செயலின் பெருமை! பின்னர் வேறு சில பள்ளிகளுக்கும் அது பரவியது. ஆனால், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிட ஆங்கில அரசு ஒப்பாததால், 1925இல் நின்றுபோயிற்று. கணக்கில் ஏறினால் மட்டும் போதாது, கணக்கை எழுதும் அதிகாரமும் நம் கையில் இருக்கவேண்டும் என்று அன்றே பாடம் கிடைத்தது.

“பணம் இல்லை” என்ற சொல் எப்படியெல்லாம் பயன்படும் என்பதை 1953 காட்டிற்று. ஆச்சாரியார் ஆட்சியிலே, பள்ளியில் பாதி நேரம், மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. எல்லோருக்கும் முழு நேரம் கற்பிக்கப் பள்ளியும் இல்லை, பணமும் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. பணம் இல்லை என்றால், யாருடைய நேரத்தை வெட்டினார்கள்? வழக்கறிஞர் மகனும் அரை நாள் சட்டம் பழகப் போகலாம்; இழப்பில்லை. வண்ணார் மகன் அரை நாள் வெளுக்கப் போனால், வாழ்நாள் முழுவதும் வெளுக்கத்தான் வேண்டும். குலக்கல்வி என்று பெயர் சூட்டித் தந்தை பெரியாரும் அறிஞர் அண்ணாவும் அதை எதிர்த்தார்கள், நாடே கொதித்தது. 1954இல் காமராசர் முதல்வரானார், திட்டம் ஒழிந்தது. பணம் இல்லை என்பது கணக்கு. யாரிடமிருந்து வெட்டுவது என்பது அறம். கணக்கைக் காட்டி அறத்தை மறைப்பது ஏமாற்று.

அதே காமராசர் 1956இல் மதிய உணவைத் தொடங்கியபோது, ஊராரின் நன்கொடையைத்தான் முதலில் நம்பவேண்டியிருந்தது. பின்னர் அரசும் தன் பங்கை ஏற்றது. கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு, சுயமரியாதைக் கொள்கையில் ஊறியவர். பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர்தோறும் நடத்தினார். நிலம் தந்தோர், கட்டடம் தந்தோர், நாற்காலியும் கரும்பலகையும் தந்தோர் ஏராளம். அது ஈகையின் உச்சம். அந்த உச்சத்திலேயே அரசு நின்றுவிடாமல், மேலும் நடந்தது என்பதே நம் வரலாற்றின் சிறப்பு. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக அதை விரித்தபோது, கருவூலம் காலியாகும் என்று எச்சரித்தவர் பலர். கருவூலம் காலியாகவில்லை, வகுப்பறை நிறைந்தது. 1989இல் கலைஞர் அரசு முட்டை சேர்த்தது. 2001இல், பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதைக் குழந்தையின் உரிமை என்று எழுதியது. 2022 செப்டம்பரில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவு, 2023 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் சென்றது.

நன்கொடை, திட்டமாயிற்று, திட்டம், சட்டமாயிற்று. இன்று தட்டை ஏந்தும் குழந்தை யாருக்கும் நன்றி கூறத் தேவையில்லை. அந்தத் தேவையின்மைதான் சுயமரியாதை!

இங்கே ஓர் எதிர்வாதம் உண்டு. அதை மதிப்போடு கேட்கவேண்டும். “மரம் பட்டுப்போனால் கனி ஏது? தொழில் நட்டத்தில் இருக்கும்போதும் முதற்பங்கு எடு என்றால், தொழில் மடியும், பிறகு பள்ளிக்கு எதுவும் இல்லை” என்கிறார், தொழிலறிந்த நண்பர். உண்மை. ஆனால், நான் கேட்பது பெருந்தொகையல்ல, சிறு பங்கு. தொகை, மழை பெய்தாலும் காய்ந்தாலும் மாறாது, அதனால் நசுக்கும். பங்கு, விற்பனை குறைந்தால் தானும் குறையும், அதனால் நசுக்காது. ஆயிரம் ரூபாய் விற்பனைக்கு 1 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 2 இலட்சம் விற்கும் மளிகைக் கடைக்கு 200 ரூபாய். அத்தகைய கடைகள் 300 உள்ள ஊரில் மாதம் 60,000. ஆண்டுக்கு 7,20,000 ரூபாய். விற்பனை பாதியாய்ப் போன ஆண்டிலும் 3,60,000 வரும். வள்ளல் ஒருவரின் மனத்தை நம்பியிருந்தால், அந்த ஆண்டு வந்திருப்பது சுழி! எல்லாக் கடையும் கொடுப்பதால், கொடுத்தவன் போட்டியில் தோற்பதும் இல்லை.

மேலும், முதற்பங்கு எடுத்து வைக்காத தொழில் பிழைத்துவிடுகிறதா? திருப்பூரையே பார்ப்போம். சாயப்பட்டறைகளின் கழிவுநீர் நொய்யலில் கலந்தது. சுத்திகரிப்புச் செலவை, இலாபத்தில் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளும் செலவாகத்தான் பலரும் நெடுங்காலம் நடத்தினர். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட ஆணையிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. பின்னர், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் வழியே, கழிவுநீரை வெளியே விடாத முறையை மேற்கொண்ட பிறகே மீண்டன. தனித்தனியே முடியாது என்றது, கூடியபோது முடிந்தது. ஆற்றை மிச்சத்தில் வைத்தவர், ஆலையையே இழக்க நேர்ந்தது. பள்ளியும் ஓர் ஆறுதான். இன்று அதில் ஓடுபவர்தாம் நாளைக்கு அந்த ஆலையின் பொறியாளர், கணக்கர், தொழிலாளர். பள்ளியை வறளவிட்டுவிட்டு, நல்ல ஆள் கிடைக்கவில்லையே என்று அங்கலாய்ப்பதில் பயன் என்ன?

சட்டமே இருக்கிறதே என்பார்கள். 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம், பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும் என்கிறது. வரவேற்போம். ஆனால், கவனியுங்கள்: அது இலாபத்தின் பங்கு, அதாவது, மிச்சத்தின் பங்கு. ஊரிலே பெரிய நிறுவனம் இல்லையென்றால் அதுவும் இல்லை. தொழில் நிறைந்த மாவட்டத்துப் பள்ளிக்குக் கணினி வரும். வறண்ட மாவட்டத்துப் பள்ளிக்கு வாழ்த்துச் செய்தி வரும்!

இனி, மேலே பார்ப்போம். முதலாளி “அடுத்த ஆண்டு” என்றார்; ஒன்றிய அரசு என்ன சொல்லிற்று? 2024-25ஆம் ஆண்டுக்கு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின்கீழ் தமிழ்நாட்டுக்குரிய 2,152 கோடி ரூபாயை விடுவிக்கவில்லை. எங்கள் கல்விக் கொள்கையை ஏற்றுக் கையெழுத்திடு, பிறகு பணம் என்றது. 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. முதலாளி மடி வற்றியதால் மறுத்தார். இவர்களோ, மடி நிறைந்திருந்தும் மறுத்தார்கள். அந்த மடியில் இருப்பது யார் பணம்? பிடி பிடியாக நாம் எடுத்துத் தந்த வரி! உரிமையாகத் தரவேண்டியதை ஈகைபோலத் தர எண்ணினால், ஈகைக்கே உரிய ஆணவமும் கூடவே வந்துவிடுகிறது. 1976இன் 42ஆம் திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு எடுத்துச் சென்றதன் விளைவு இது. 1925இல் தியாகராயரின் உணவை நிறுத்திய கை மறைந்துவிட்டது. அந்தக் கையின் பழக்கம் மறையவில்லை.

அப்படியானால், நாம் செய்யவேண்டியது என்ன?

ஒன்று: ஊர்தோறும் வணிகர் சங்கமும் தொழிற்சங்கமும் கூடிப் பள்ளிக்கு ஒரு முதற்பங்கை முடிவு செய்யட்டும். விற்பனைக் கணக்கை வரிக்காகப் பலர் எழுதத்தான் செய்கிறார்கள். அதில் இன்னொரு வரி எழுதுவது கடினமல்ல. சாதிச் சங்கத்தின் பெயரால் அல்ல, ஊரின் பெயரால்.

இரண்டு: நல்ல ஆண்டில் வந்ததையெல்லாம் நல்ல ஆண்டிலேயே செலவிடாமல், ஒரு பகுதியைக் கெட்ட ஆண்டுக்கு வைக்கட்டும். அறக்கட்டளைகள் அதிலிருந்து முதலில் கொடுக்கவேண்டியது, ஆசிரியரின் சம்பளம். கூலியைத் தராத அறம், அறமல்ல.

மூன்று: கணக்கைப் பள்ளிச் சுவரில் எழுதி வைக்கட்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்கவேண்டும் என்கிறது. அந்தப் பெற்றோர் கேள்வி கேட்கட்டும். கொடுத்தவர் பெயர் சுவரில் வேண்டாம். குழல் விளக்கிலே வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு உபயதாரர் பெயரை எழுதி வைத்திருப்பதைக் கோயிலில் பார்த்திருக்கிறோம்; பள்ளியிலாவது வெளிச்சம் முழுவதும் குழந்தைக்கே வரட்டும்.

நான்கு: ஊர் கொடுக்கிறது என்பதற்காக அரசு கையை உதறிக்கொள்ள விடக்கூடாது. ஊரின் பங்கு கூடுதலே தவிர, அரசின் பங்குக்கு மாற்றல்ல.

தோழர்களே! குடமுழுக்குக்கு ஊரில் நிதி திரளாமல் போனதுண்டா? திருவிழா வாணவேடிக்கை, காலம் சரியில்லை என்று நின்றதுண்டா? அங்கே மட்டும் எப்படி முதற்பங்கு கிடைக்கிறது? தெய்வக் குற்றம் வந்துவிடும் என்ற அச்சம்! பள்ளி படுத்தால் வருவது கண்ணுக்குத் தெரியும் குற்றம். அதற்கு அஞ்ச மட்டும் நாம் கற்கவில்லை.

ஆகவே, நன்கொடைப் புத்தகத்தோடு வாசல் ஏறும் செயலாளரை இனித் தனியே அனுப்பாதீர்கள். உங்கள் ஊர் வணிகர் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு நீங்களே செல்லுங்கள். ஒரு தாளில் கணக்கு எழுதிக்கொண்டு போங்கள்: கடைகள் எத்தனை, பங்கு எவ்வளவு, பள்ளிக்கு வேண்டியது எவ்வளவு. இரந்து பேசாதீர்கள்; இரைந்தும் பேசாதீர்கள். “உலை வைக்கும் முன் ஒரு பிடி” என்று மட்டும் கேளுங்கள். நம் பாட்டிமார் செய்து காட்டியதைத்தான் கேட்கிறீர்கள்.

காலம் சரியில்லாத ஆண்டுகள் இனியும் வரும். அந்த ஆண்டுகளிலும், மணி அடித்ததும் பள்ளிக் கதவு திறக்கவேண்டும்.